மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல்: குமரிக் கரைப் பயணக் குறிப்புகள்

ஜூலை 10, வியாழன் – நாகர்கோவில்

காலையில் ரயிலை விட்டு இறங்கும்போதே நல்ல மழை. தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் மாதத்தில் குமரிக் கடற்கரைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் குறைவு. எனக்கு வேண்டியிருந்தது இந்த மழையும் பொங்குகிற கடலும்தான். மழைக்காலத்து அலைதான் இங்கே கனமான மணலைத் தனியாக அரித்துக் கொடுக்கிறது. ஜனவரியில் வந்தால் பெரும்பாலும் வெள்ளை மணலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

வடசேரிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் தோசையும் ரசவடையும் சாப்பிட்டேன். பருப்பு வடையை ரசத்தில் ஊறப்போட்டு, உடையாமல் கரண்டியில் எடுத்து வைக்கிறார்கள். மழைக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது. பரிமாறியவர் கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி, "குடிச்சிருங்க, தொண்டைக்கு நல்லது" என்றார். தோசை, வடை, காப்பி எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து ரூபாய்.

இங்கே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு உதய்ப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவர் மலைக்குப் போயிருந்தேன். வெள்ளியும் ஈயமும் எடுத்து, பிறகு துத்தநாகமும் வடித்த பழைய சுரங்கங்கள் அங்கே கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. துத்தநாகம் வடித்துத் தீர்ந்த மண்குழாய்களை அடுக்கியே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கலீனா என்ற ஈயத் தாதுவுக்குள் வெள்ளி கொஞ்சமாக ஒளிந்திருக்கும். ஈயத்தை உருக்கிக் காற்று ஊதினால் ஈயம் ஆக்சைடாகிப் பிரிந்துபோய் வெள்ளி மிஞ்சும். அதைப் பற்றி மேலும் படிக்கும்போதுதான், பூமியில் உள்ள ஈயத்தில் ஒரு பங்கு, கதிரியக்கத் தனிமங்களான யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டானது என்று தெரிந்துகொண்டேன். தோரியம் என்றாலே உலகம் நினைக்கிற இடங்களில் ஒன்று மணவாளக்குறிச்சி. நம் ஊர்ச் சுரங்கத்தைப் பார்க்காமல் ராஜஸ்தான் வரை போய் வந்திருக்கிறோமே என்ற நினைப்பு அப்போது பிடித்துக்கொண்டது.

மழை விடவில்லை. சாயங்காலம் வடசேரிச் சந்தையில் மட்டிப் பழம் வாங்கினேன், கிலோ எண்பது ரூபாய். விரல் நீளம்தான் இருக்கும், மணம் அறை முழுவதும் நிற்கிறது.

ஜூலை 11, வெள்ளி – மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு

அண்ணா பேருந்து நிலையத்தில் ஏறிய பேருந்து அம்மாண்டிவிளைக்கு முன்பே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "இனி போவாது" என்றார். தூறலில் எல்லோரும் சாலையோரம் நின்றோம். மீன் விற்றுவிட்டுக் காலிக் கடவத்தோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டார். "எங்க போறிய மக்களே?" மணல் பார்க்கப் போகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மணலு பாக்கவா? எங்க முத்தத்துலயே கெடக்கே." அடுத்த பேருந்து வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை இந்தத் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாததால் மீன் விலை எப்படி ஏறியிருக்கிறது என்று கணக்குச் சொன்னார். மேற்குக் கரையில் ஜூலை கடைசி வரை தடை. வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவருகிற சாளையும் நெத்திலியும்தான் சந்தைக்கு.

சின்னவிளைக் கடற்கரையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கடல் கலங்கிக் காப்பி நிறத்தில் கிடந்தது. அலை ஏறி இறங்குகிற விளிம்பில் பட்டை பட்டையாகக் கறுப்பு. சில இடங்களில் விரல் கனம், சில இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை கறுப்புதான். கறுப்புக்கு மேலே கருஞ்சிவப்பாக ஒரு மெல்லிய பூச்சு.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம். சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸ், அதே அளவு தண்ணீரைப் போல 2.65 மடங்கு எடை. கறுப்பு இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு. தோரியத்தைத் தனக்குள் வைத்திருக்கும் தேன் நிற மோனசைட் 5 மடங்கு. பெரிய அலை எல்லாவற்றையும் தூக்கி வந்து கரையில் போடுகிறது. திரும்பிப் போகிற தண்ணீருக்கு அவ்வளவு வலு கிடையாது, லேசானதை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். கனமானது கிடந்துவிடும். நம் வீட்டில் அரிசி களைந்து கல் பிரிப்பதும் இதே வேலைதான். அங்கே கல்லை எறிகிறோம், இங்கே அந்தக் கல்லுக்குத்தான் விலை.

பழைய கணினி ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கறுப்பு மணல் மேலே காட்டியதும் கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஏறியது. ஏறியது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. இங்குள்ள மணல் பிரிக்கும் ஆலையிலும் இதுதான் வழி: வலுவான காந்தத்துக்கு இல்மனைட் முதலில் வரும், கார்னெட்டும் மோனசைட்டும் அதைவிடத் தயங்கி வரும், சிர்க்கானும் சில்லிமனைட்டும் வரவே வராது. மின்சாரம் கடத்துவதை வைத்து ரூட்டைல் என்ற டைட்டானியத் தாதுவைப் பிரிப்பார்கள். என் கையில் இருந்த காந்தம் நியோடிமியம் கலந்தது. அந்த நியோடிமியம் மோனசைட்டுக்குள் இருக்கிற அருமண் (ரேர் எர்த்) தனிமங்களில் ஒன்று. காலடி மணலில் இருக்கிற பொருளால் செய்த காந்தத்தை வைத்து அதே மணலைப் பிரித்துக்கொண்டிருந்தேன் என்பது மெய்சிலிர்க்க வைத்தது. பார்த்து முடிந்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட்டேன்.

வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பாட்டா ஒருவர் இதையெல்லாம் கவனித்திருக்கிறார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். மோனசைட்டும் காஸ் லைட்டும் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சிறுவனாக இருந்தபோது கரமடி என்ற கரைவலை இழுக்கிற விடியற்காலையில் காஸ் லைட்டுதான் வெளிச்சமாம். "அந்த மாண்டில தொட்டா பொடிஞ்சு போவும். எங்க அப்பா தொட விடமாட்டாரு."

அந்த மாண்டிலில்தான் இந்தக் கரையின் வரலாறு தொடங்குகிறது. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் என்ற வேதியியலாளர் 1885-இல் காஸ் மாண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் அவர் கண்டுபிடித்த நல்ல கலவை, 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும். பருத்தி வலையை இந்த உப்புகளில் ஊறவைத்து எரித்தால் நூல் போய்ச் சாம்பல் கூடு நிற்கும். தீ பட்டால் அந்தக் கூடு வெண்மையாக ஒளிரும். ஐரோப்பிய நகரங்களின் தெருவெல்லாம் இந்த விளக்கு. தோரியத்துக்குப் பிரேசில் கடற்கரையை நம்பியிருந்தார்கள்.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். யாரோ ஒரு பெண் இந்தக் கரையில் உட்கார்ந்து திரித்த கயிறு, கப்பலேறி ஜெர்மனி வரை சேதி கொண்டுபோயிருக்கிறது. ஷோம்பெர்க் கிளம்பி வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை அமைத்தார், பிறகு இன்றைய கேரளத்துச் சவராவிலும் ஒன்று. பிரேசில் மோனசைட்டைவிட இதில் தோரியம் அதிகம், 8 முதல் 10 சதவீதம் ஆக்சைடு. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மனிக்கு உளவு பார்த்தவர் என்று அவரைக் கைது செய்தார்கள். ஆலைகள் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயின.

அப்போது மோனசைட்டைப் பொறுக்கிக்கொண்டு இல்மனைட்டைக் கழிவு என்று ஒதுக்கினார்கள். 1920-களில் டைட்டானியம் வெள்ளை வர்ணத்துக்குக் கிராக்கி வந்தது. கழிவாகக் கிடந்த கறுப்பு மணலிலிருந்துதான் உலகத்தின் வெள்ளை பெயின்ட்டில் ஒரு பெரும் பங்கு வந்தது. மின்விளக்கு பரவ மாண்டில் பின்வாங்கியது. அதற்குள் அணு வந்துவிட்டது. 1947-இல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் தனித் திருவிதாங்கூர் பேசியபோது இந்தத் தோரியம் மணலும் அந்தப் பேச்சில் இருந்தது. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலையும், 1955-இல் மும்பை டிராம்பேயில் தோரியம் ஆலையும் வந்தன. அணுவுக்கென்று கட்டிய அந்த டிராம்பே ஆலையும் காஸ் மாண்டிலுக்கு வேண்டிய தோரியம் நைட்ரேட்டைச் செய்து கொடுத்திருக்கிறது. பாட்டாவின் அப்பா தொட விடாத மாண்டில் அந்த வழியாகத் திரும்பி வந்ததாகக்கூட இருக்கலாம்.

காஸ் விளக்கு, வர்ணம், அணு என்று மூன்று காலத்திலும் எந்த மணி தங்கம், எந்த மணி குப்பை என்பதை வேறு எங்கோ இருந்த தேவை தீர்மானித்தது. கரையில் இருந்தவர்களுக்கு அந்தந்தக் காலத்தில் கூலி கிடைத்தது, அவ்வளவுதான். இந்தியாவின் அருமண் தொழில் பிறந்த ஊர் இது. ஊருக்குள் நுழைகிற சாலையில் நாலு வரி எழுதிய ஒரு பலகையாவது வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதில் கயிறு திரித்தவர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆலை வாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு மண்டைக்காட்டுக்குப் போனேன். பகவதி அங்கே புற்று வடிவில் இருக்கிறாள். தலைவலி தீர வேண்டிக்கொண்டு மண்டையப்பம் படைக்கிறார்கள். அரிசி மாவும் வெல்லமும் பாசிப்பயறும் சேர்ந்த உருண்டை. நனைந்த தலையோடு நின்ற எனக்கு ஒரு அக்கா பாதியைப் பிட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றால் அவர் வருத்தப்படுவார் போலிருந்தது, வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

ஜூலை 12, சனி – முட்டம்

முட்டத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. குடை திரும்பி, கம்பி ஒடிந்து, போயே போய்விட்டது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் மேல் அலை ஏறும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பாறை ஓரமாகப் போக முயன்ற இளைஞர்களை உள்ளூர்க்காரர் ஒருவர் அதட்டித் திருப்பி அனுப்பினார். நியாயமான அதட்டல்.

ஊருக்குப் பின்னால் செம்மண் தேரி. காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேல் இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்திருக்கிறது. மழை அதை ஓடை ஓடையாக அறுத்திருந்தது. அந்த ஓடைகளின் அடியிலும் கறுப்புக் கோடுகள். கடல் செய்த வேலையை இங்கே மழைத்தண்ணீர் சின்ன அளவில் செய்துகொண்டிருந்தது.

இந்த மணிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? குமரி மாவட்டத்து மலைகளில் சார்னோகைட்டும் கோண்டலைட்டும் கார்னெட் பதித்த நைஸ் பாறைகளும் இருக்கின்றன. நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் வெந்து உருமாறிய பாறைகள். மேலே இருந்தது தேய்ந்து தேய்ந்து இவை வெளியே வந்தன. வெப்பமும் மழையும் பாறையை மக்க வைத்தன. பாறையில் இருந்த பெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகக் கரைந்து போனது. இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கார்னெட் மட்டும் கரையாமல் நின்றன. வள்ளியாறும் பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் அவற்றைக் கடலுக்குச் சுமந்தன. கடல் மீண்டும் கரைக்குக் கொண்டுவந்து சலித்து வைத்தது.

ஜாவரில் பார்த்த ஈயம் இங்கேயும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். மோனசைட் மணிக்குள் இருக்கும் தோரியம் மெல்ல மெல்லச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. பாதி சிதைய 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியத்துக்கும் இதே முடிவுதான், அது 447 கோடி ஆண்டுகளில் பாதியாகும். மோனசைட் படிகம் உருவாகும்போது தனக்குள் ஈயத்தை அதிகம் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே இப்போது அதற்குள் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்தால் அந்த மணியின் வயது கிடைத்துவிடும். தென் கேரளத்து, குமரிப் பாறைகளுக்கு இப்படிப் பார்த்ததில் அடிக்கடி வருகிற வயது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள். இதே காலத்துச் சூட்டின் தடம் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இருக்கிறது. அப்போது எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. ஒரு மணலுக்குள் கடிகாரமும் வரைபடமும் சேர்ந்து இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. முட்டத்துப் பிள்ளைகளுக்காவது முதலில் சொல்ல வேண்டும்.

மதியம் ஒரு வீட்டு மெஸ்ஸில் மரச்சீனிக் கிழங்கு மசித்ததும் சாளைக் கறியும். எண்பது ரூபாய். குழம்பில் தேங்காய் அரைத்து விட்டு, புளியும் சரியாக நின்றது. சமைத்த அக்கா நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் புற்றுநோயில் இறந்தவர். "மணல்ல கதிர்வீச்சு இருக்குன்னு சொல்லுதாவ, இல்லன்னும் சொல்லுதாவ. எதத்தான் நம்ப?"

தெரிந்ததைச் சொன்னேன். இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம் என்பது உண்மை. ஆலை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது மணலில் இருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணல்மேல் வாழ்கிற ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009-இல் வெளிவந்த ஆய்வில் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "அது அவங்க ஊருல்லா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டுச் சாவுக்குச் சராசரிக் கணக்கு ஆறுதல் ஆகாது. இந்தக் கரையைப் பற்றிய ஒவ்வொரு அளவும் அந்த அக்கா படிக்கிற தமிழில், அவர் ஊரின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அது அவருடைய உரிமை.

ஜூலை 13, ஞாயிறு – குளச்சல்

காலை ஆராதனை முடிந்து தெருவெல்லாம் வெள்ளைச் சட்டை. டீக்கடையில் பழம்பொரி பத்து ரூபாய், டீ பன்னிரண்டு. மார்த்தாண்ட வர்மா 1741-இல் டச்சுப் படையை வென்ற நினைவுத் தூணைப் பார்த்தேன். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார் என்பது இந்த மாவட்டத்தின் இன்னொரு உலோகக் கதை. அதற்கு வேறொரு பயணம் வேண்டும்.

2004 சுனாமியில் இறந்தவர்களைச் சேர்த்துப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர், எவ்வளவு தூரம் தண்ணீர் வந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

இந்த ஊர்க்காரர்களிடம் மணல் எடுப்பதைப் பற்றிக் கேட்டால் சுனாமியையும் சேர்த்துத்தான் பதில் வருகிறது. மணல்மேடு போனால் கடல் உள்ளே வரும் என்பது அவர்கள் பயம். கடலோரம் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டிய ஊர்களைக் காட்டுகிறார்கள். மேற்கே கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடற்கரைக் கிராமங்கள் திரண்டு எதிர்த்தன. ஆலையில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருவரும் அதே டீக்கடையில் இருந்தார். மணலை எடுத்த பிறகு மீதியைத் திரும்ப நிரப்பி மரம் நடுவதை அவர் விளக்கினார். அவரும் மணல் எடுப்பதை எதிர்க்கும் ஒருவரும் பேசிக்கொண்டது சண்டையாக மாறவில்லை, ஒருவர் டீக்கு மற்றவர் காசு கொடுத்தார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பாறையில் தோண்டிய சுரங்கத்தில் எவ்வளவு எடுத்தோம் என்பதைக் குழியே காட்டிக் கொடுக்கும். கரையில் குழி விழுந்தால் அடுத்த மழைக்காலத்து அலை வந்து மூடிவிடுகிறது. கடல் மூடுகிற வேகத்தைப் பார்த்து, எடுத்தது திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மேலே உள்ள மணல் வரும். பல்லாயிரம் ஆண்டுகள் சலித்துச் சேர்ந்த கனமான படிவு அந்த வேகத்தில் வராது. ஆறுகளில் அணையும் தடுப்பணையும் கட்டிய பிறகு மலையிலிருந்து வருகிற புது மணலும் குறைவு. ஆகவே கரையை அளந்துகொண்டே இருக்க வேண்டும், அளந்ததைக் கரையில் இருப்பவர்களிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. இவ்வளவு தோரியம் இருந்தும் அதை அணு எரிபொருளாக நேராக எரிக்க முடியாது. உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். அப்படிக் கிடைத்த யுரேனியத்தில் ஓடுகிற காமினி என்ற சிறிய ஆராய்ச்சி உலை 1996 முதல் கல்பாக்கத்தில் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக் கூடங்குளம் உலைகளுக்கு ரஷ்யாவிலிருந்து யுரேனிய எரிபொருள் வருகிறது. குமரி மணலின் தோரியத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வருவது இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள் – கன்னியாகுமரி

மழை இல்லை, வெயில் சுள்ளென்று. சுற்றுலாக் கூட்டம் சேர்ந்துவிட்டது. படகுத் துறை வரிசையைப் பார்த்ததும் பாறைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தேன்.

பல நிற மணல் பொட்டலம் இன்னும் விற்கிறார்கள். குமரி பகவதியின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்ற கதையோடு. கடை வைத்திருந்த அம்மாவிடம் இது எல்லாமே கடல் மணலா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னார்: "கறுப்பும் செவப்பும் கடலு தந்தது. பச்சையும் நீலமும் சாயம் முக்குனது. உங்களுக்கு எது வேணும்?"

கறுப்பும் சிவப்பும் வகைக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன், இருபது ரூபாய். சிவப்பு கார்னெட், உப்புத்தாள் செய்யவும் கப்பலின் துருவைச் சுரண்டவும் போகிறது என்றேன். கறுப்பு இல்மனைட், உங்கள் கடைச் சுவரில் அடித்திருக்கிற வெள்ளை பெயின்ட் இதிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றேன். அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு, "இந்த மாமா சொல்லுதத நோட்டுல எழுது பிள்ளே" என்றார். அவள் ஏழாம் வகுப்பு. மோனசைட் என்று எப்படி எழுதுவது என்று கேட்டாள், எழுதிக் காட்டினேன். தோரியம் எப்படி ஈயமாகும் என்று அடுத்து கேட்டாள். அதற்கு ரயில் நேரம் வரை ஆனது.